பேச்சுச் சிகிச்சை மாணாக்கரின் செயற்றிறனை அளந்த வரலாறு

வைத்தியர் ஒருவரின் திறமையை அவரிடம் மருந்துண்டு மீண்டவர்கள் ஊரெங்கும் எடுத்துரைப்பர். மருந்து பலித்ததாயின் புகழ்வர், பலியாதாயின் இகழ்வர். பேச்சுச் சிகிச்சையாளரை நாடிச் செல்வோருக்கோ அவ்வாய்ப்பு அரிது. தம் நா தமக்கு உதவாமையினாலன்றோ அவர்கள் அவரை நாடினர்? மூளையிற் குருதியோட்டம் தடைப்பட்டு ஒரே நாளிற் சொல்லிழந்த முதியவரும், நான்கு வயது கடந்தும் பிறர்க்கு விளங்கப் பேசாத குழந்தையும், தம் பெயரைச் சொல்ல நேரும்போதெல்லாம் திக்குகின்ற இளைஞரும், தமக்குச் செய்யப்பட்டது நல்ல சிகிச்சையா, வெறும் பொழுதுபோக்கா என எளிதில் எடுத்துரைக்க வல்லரல்லர். பல வேளைகளில் அதனை மதிப்பிடும் வகையும் அறியார். குழந்தையின் பேச்சு வளர்ச்சியினாலே தானாகத் திருந்துவதும் உண்டு. நோயுற்ற மூளை சில திங்களிலே தானாகச் சிறிது தேறுவதும் உண்டு. பயன் விளைந்தவிடத்தும் அது சிகிச்சையின் பயனா, காலத்தின் பயனா என்பது தெளிவன்று. ஆதலின் இத்தொழிலிற் புகவிருக்கும் மாணாக்கர் ஒருவர் நோயாளியின் முன்னே தனித்து விடத்தக்கவரா என்பதை அவருடைய ஆசிரியரே ஆராய்ந்து சொல்லவேண்டியவராகின்றார்.

அதனை எவ்வாறு ஆராய்வது? இவ்வினாவுக்கு மேனாட்டார் ஒரு நூற்றாண்டாக விடை தேடி வந்துள்ளனர். குரலை அளந்தனர், நூலறிவை அளந்தனர், நாழிகைகளை எண்ணினர், இறுதியிலே மாணாக்கரின் செயலையே அளக்கத் துணிந்தனர். இவற்றுள் ஒவ்வொன்றும் எதனை அளந்தது, எதனை அளவாது விட்டது என்பதிலேயே இவ்வரலாற்றின் பொருள் அடங்கியுள்ளது.

பேச்சுக் குறைக்குப் பரிகாரம் தேடல் பழையது; அதனைத் தனித்தொழிலாகக் கொள்ளல் புதியது. 1841 ஆம் ஆண்டிலே பேர்லின் நகரத்துச் சத்திரவைத்தியராகிய டீபென்பாக் என்பவர் திக்குவாயைத் தீர்க்கும்பொருட்டு நாவின் அடிப்பகுதியைக் கத்தியால் வெட்டினார். மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது. ஐரோப்பாவின் தலைசிறந்த சத்திரவைத்தியருள் ஒருவராகிய அவருடைய கைத்திறனில் ஐயுற்றோர் இலர். நாவை வெட்டுவதாற் பேச்சுச் சீர்ப்படுமா என்பதன்றோ ஐயுற வேண்டியது? கைத்திறனும் நோயாளிக்குப் பயன்படும் திறனும் ஒன்றெனக் கொள்வதால் வரும் கேட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே அவ்வெட்டு முறைக்குக் கடுங் கண்டனம் எழுந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது.

1861 ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்திலே புரோக்கா என்பவர், சொல்லிழந்து இறந்த நோயாளி ஒருவரின் மூளையைச் சோதித்து, அதன் இடப்பக்கத்து முற்பகுதியிற் பழுது இருத்தலைக் காட்டினார். 1874 இல் வேர்ணிக்கே என்னும் யேர்மனியர், பேசும் ஆற்றல் நிற்கவும் பிறர் சொல்வதை விளங்கும் ஆற்றல் கெடும் வேறொரு வகையை விளக்கினார். இவ்வாறு நோயை அறியும் அறிவு வைத்தியர் கையில் விரைந்து வளர்ந்தது. ஆனால் நோயாளியின் அருகே நாட்கணக்காய் இருந்து அவரைப் பேசப் பழக்கும் பணியை வைத்தியர் மேற்கொண்டிலர். பிரித்தானியாவில் அப்பணி, எதிர்பாராத வகையில், மேடைப் பேச்சும் செய்யுளோதலும் கற்பித்த ஆசிரியர் கைக்குச் சென்றது. 1906 இல் இலண்டனிலே பேச்சுக்கும் நாடகத்துக்குமென ஒரு கலாசாலையை நிறுவிய எல்சி போகட்டி என்னும் அம்மையார், நடிகரைப் பயிற்றியதோடு, சென் தோமஸ் வைத்தியசாலையிலே பேச்சுக் குறையுற்றோரையும் கவனித்தார். முதலாம் உலகப் போரிலே தலையிற் காயமுற்றும் அதிர்ச்சியுற்றும் பேச்சிழந்து திரும்பிய போர்வீரர் தொகை இப்பணியின் தேவையைப் பெருக்கிற்று.

இத்தகைய ஆசிரியருள் உலகறிந்தவர் அவுஸ்திரேலியரான லயனல் லோக் ஆவர். 1880 இல் அடிலேயிட் நகரிற் பிறந்த அவர், 1924 இல் இங்கிலாந்து சேர்ந்து, வைத்தியர் செறிந்த ஹார்லி வீதியிலே தமக்கும் ஓர் அறை அமர்த்திக்கொண்டார். 1926 ஆம் ஆண்டு ஒக்டோபரில் யோர்க் கோமகன் அவரிடம் வந்தார். அடுத்த ஆண்டு மே மாதத்திற் கன்பராவிலே பாராளுமன்றக் கட்டடத்தைத் திறந்துவைத்துக் கோமகன் நிகழ்த்திய பேச்சு லோக் அவர்களின் திறமைக்கு நற்சாட்சிப் பத்திரமாயிற்று. வைத்தியப் பட்டமோ, பேச்சுச் சிகிச்சைக்கெனப் பெற்ற சான்றிதழோ அவரிடம் இருந்ததில்லை. அக்காலத்தில் அத்தகைய சான்றிதழ் வழங்குவோரும் அரியர். அவர் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவரைப் போலவே அறை அமர்த்திப் பெயர்ப்பலகை தொங்கவிட்ட பிறருள் எவர் திறமைசாலி, எவர் போலி என்பதை வருவோர் எங்ஙனம் அறிவர்? அரசகுமாரன் ஒருவனைக் குணப்படுத்திக் காட்டுமாறு ஒவ்வொரு மாணாக்கரையும் கேட்டல் இயலாதன்றோ. தனியொருவரின் புகழ் ஒரு தொழிலுக்கு அளவுகோலாகாதென்பதை லோக் அவர்களும் உணர்ந்திருந்தனர் போலும். 1935 இல் எழுந்த பிரித்தானியப் பேச்சுச் சிகிச்சையாளர் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். அச்சங்கமும் அதனோடு போட்டியிட்ட மற்றொரு சங்கமும் 1945 இல் ஒன்றாகிப் பேச்சுச் சிகிச்சையாளர் கல்லூரி என்னும் பெயர் பெற்றன. அதன்பின் அக்கல்லூரி நடத்திய பரீட்சையிற் சித்தியடைந்தோரே தொழிலுக்குத் தகுதியுடையோராக மதிக்கப்பட்டனர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தொழில் பிறந்த இடம் நாடகசாலையன்று, உளநூல் ஆய்வுகூடம். அயோவா பல்கலைக்கழகத்திலே காள் சீசோர் என்னும் உளநூற் பேராசிரியரின் ஆதரவில், லீ எட்வேட் டிராவிஸ் என்பவர் 1924 இற் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பேச்சுக்குறை ஆய்வுக்கு வழிவகுத்தார். 1925 இல் இத்துறையினரின் முதற் சங்கம் தோன்றியது. இங்கே மாணாக்கரின் தகுதிக்கு அடையாளமானது அவர் எழுதிய ஆய்வேடு. நன்கு ஆராயவல்லவர் நன்கு சிகிச்சை செய்யவும் வல்லவராவர் என்னும் எண்ணம் அதன் அடியிற் கிடந்தது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை அதே அயோவாவில் நிகழ்ந்த ஒரு செய்தி காட்டுகின்றது. அதனைச் சற்று விரித்துரைத்தல் பொருத்தமாகும்.

வெண்டல் யோன்சன் என்பவர் அப்பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற அறிஞர். தாமும் திக்கிப் பேசியவர். குழந்தையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் திக்குவாய் எனப் பெயரிட்டு அஞ்சுவதாலேயே அது திக்குவாயாக முற்றுகின்றதென அவர் கருதினார். இக்கருத்தைச் சோதிக்குமாறு மேரி டியூடர் என்னும் முதுமாணி மாணவியை அவர் ஏவினார். 1939 ஆம் ஆண்டு சனவரி முதல் மே வரை, டவன்போட் நகரத்து அநாதை இல்லம் ஒன்றிலே 22 சிறுவர்மீது இச்சோதனை நடைபெற்றது. அவர்களுட் பதின்மர் ஏற்கெனவே திக்குவோர். ஏனையோர் நன்கு பேசுவோர். நன்கு பேசியவருள் அறுவரை நோக்கி, நீங்கள் திக்குகின்றீர்கள், திருத்தமாகப் பேச முடியாவிடிற் பேசாதிருங்கள் என்று அம்மாணவி கூறிவந்தார். சிறுவர் நாளடைவிற் பேச அஞ்சினர். வகுப்பிலே வாய் திறக்க மறுத்தனர். சோதனை முடிந்த பின்னர் அம்மாணவி மும்முறை அவ்வில்லத்துக்குச் சென்று, தாம் சொன்னவற்றை மாற்றிச் சொல்லி அவர்களைத் தேற்ற முயன்றார். அவர் மனம் உறுத்தியது என்பதற்கு இதுவே சான்று.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. அச்சிறுவரின் பேச்சு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடப்பட்டது, கேட்டு மதிப்பிடுவோர் அமர்த்தப்பட்டனர், எழுத்துப்பிரதிகள் எடுக்கப்பட்டன. அவர்களோடு பேசிய மாணவியின் நடத்தையை மாத்திரம் எவரும் இருந்து பார்த்துப் புள்ளியிட்டிலர். ஆய்வேடு ஏற்கப்பட்டது, பட்டம் வழங்கப்பட்டது. ஏடு நூலகத்திலே உறங்கியது. 2001 இற் சான் ஓசே நகரத்துப் பத்திரிகை ஒன்று இதனை வெளிப்படுத்தியபோது பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது; 2007 இல் அயோவா அரசு அறுவர் சார்பிலான வழக்கைத் தீர்த்து 925,000 டொலர் வழங்க இணங்கிற்று. அச்சோதனையினால் எச்சிறுவரும் உண்மையாகவே திக்குவாயராயினர் என்று கொள்ளப் போதிய சான்றில்லையென 2002 இல் அம்புறோஸ், யாயிரி என்னும் ஆய்வாளர் அவ்வேட்டின் எண்களை மீள ஆராய்ந்து காட்டினர். அது யோன்சனின் கருத்தைப் பற்றிய செய்தி. மாணாக்கர் ஒருவர் தம் கையில் ஒப்படைக்கப்பட்ட குழந்தையிடம் எவ்வாறு நடந்துகொள்கின்றார் என்பதை ஆய்வேட்டைப் படித்து அறியமுடியாதென்னும் உண்மை அதனால் மாறவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிகிச்சையாளரின் தேவை பெருகிற்று. மாணாக்கர் தொகையும் பெருகிற்று. அப்போது ஓர் எளிய வழி கைக்கொள்ளப்பட்டது. மேற்பார்வையின்கீழ் நோயாளியோடு கழித்த மணித்தியாலங்களை எண்ணுவதே அது. அமெரிக்கச் சங்கம் சான்றிதழுக்கு இத்துணை மணித்தியாலமென விதித்தது. அத்தொகை காலந்தோறும் ஏறி, 21 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 400 ஆயிற்று. அவற்றுள் 25 பிறர் செய்வதை நோக்கியிருத்தற்கு. எஞ்சிய 375 தாமே செய்தற்கு. எண்ணுதல் எளிது, ஏமாற்றுதல் கடினம், வழக்குமன்றத்திலும் எடுத்துக்காட்டலாம். ஆதலின் இம்முறை இன்றும் அழியவில்லை. ஆயினும் தோணியில் ஏறியிருந்த நாட்களை எண்ணி ஒருவரை நல்ல தண்டயல் என்று எந்தக் கரையூரவரும் கொள்ளார். முதல் ஐம்பது மணித்தியாலத்திலே கைதேர்ந்தோரும் உளர். 400 கழிந்தும் நோயாளியின் முகத்தைப் பாராது தாளையே பார்த்திருப்போரும் உளர்.

செயலைப் பார்த்துப் புள்ளியிடுவதற்கு மேனாட்டார் ஏன் தயங்கினர் என்பதையும் அறிதல் வேண்டும். பரீட்சகரின் நடுநிலைமையில் நெடுநாளாகவே ஐயம் நிலவிற்று. ஒக்ஸ்போட் பொருளியலறிஞர் எட்ஜ்வேத், பரீட்சகர் பலர் ஒரே விடைத்தாளுக்கு இடும் புள்ளிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை 1888 இலும் 1890 இலும் எழுதிய கட்டுரைகளிலே கணக்கிட்டு, பரீட்சைப் பேற்றிற் பெரும்பங்கு தற்செயலே என்றார். தாளுக்கே இந்நிலையாயின் கட்டிலருகே நிகழும் பரீட்சைக்குச் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவின் தேசிய வைத்தியப் பரீட்சகர் சபை 1916 முதல் மாணாக்கரை நோயாளியின் கட்டிலருகே நிறுத்திச் சோதித்து வந்தது. ஒருவர்க்கு எளிய நோயாளி வாய்த்தார், மற்றொருவர்க்குக் கடிய நோயாளி வாய்த்தார், ஒரு பரீட்சகர் இரங்கினார், மற்றவர் சினந்தார். புள்ளிகளை ஒப்புநோக்கியபோது பரீட்சகர்க்கிடையே உடன்பாடு மிகச் சிறிதே காணப்பட்டது. 1960களின் நடுப்பகுதியிற் சபை அப்பரீட்சையையே கைவிட்டது.

வைத்தியத் துறையினர் இதற்குக் கண்ட மாற்று இரண்டு. தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து நரம்பியல் வைத்தியர் ஹவாட் பறோஸ், நோயாளியைப்போல் நடிக்கப் பழகியவரை மாணாக்கர்முன் இருத்தும் முறையை 1963 இற் புகுத்தினார். எல்லார்க்கும் ஒரே நோயாளி கிடைத்தார். ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரிலே ரொனல்ட் ஹாடனும் அவர் துணைவரும் 1975 இல் வெளியிட்ட முறையிலே, மாணாக்கர் மணியோசை கேட்டு நிலையம் நிலையமாகச் செல்வர். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சிறு வேலை. ஒவ்வொன்றுக்கும் முன்னரே வகுத்த புள்ளிப்பட்டியல். இலங்கையின் மருத்துவ மாணாக்கருக்கும் இம்முறை பழக்கமானதே. 1990 இல் யோர்ச் மில்லர் என்பவர் அறிதல், செய்யும் வகையை அறிதல், செய்து காட்டல், செய்தல் என நான்கு படிகளை வகுத்தபோது, ஹாடன் முறை மூன்றாம் படியில் நின்றது. நான்காம் படி, பரீட்சகர் பாராத வேளையிலும் நாள்தோறும் செய்வது.

பேச்சுச் சிகிச்சைக்கு அந்நான்காம் படியே உயிர்நிலை. இருதயத் துடிப்பைக் கேட்டுச் சொல்லச் சில நிமிடம் போதும். ககரத்தைத் தகரமாக ஒலிக்கும் குழந்தையைத் திருத்துதற்கு வாரங்கள் செல்லும். முதல் நாள் அக்குழந்தை தாயின் சேலைத்தலைப்பை விடாது. மூன்றாம் நாள் பொம்மையை வாங்கும். ஐந்தாம் நாள் ஓரொலியைச் சொல்ல முயலும். அவ்வேளையிலே மாணாக்கர் காத்திருந்தாரா, முந்திக்கொண்டு தாமே சொல்லிவிட்டாரா என்பதிலேயே சிகிச்சை தங்கியுள்ளது. மணியடித்து மாறும் நிலையங்களில் இதனைக் காண்டல் அரிது.

ஆதலின் இத்துறையினர் தமக்கெனத் தனிவழி வகுத்தனர். அதன் முதன்மையான முயற்சி விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் நடந்தது. லோறன்ஸ் சிறிபேக் என்பவரும் உடனாசிரியரும் 1975 இல் வெளியிட்ட அம்முறையிலே, நோயாளியோடு பழகுந் திறன் பற்றிப் பத்து வினாக்களும், தொழில்நுட்பத் திறன் பற்றி 28 வினாக்களும் அடங்கின. அதன் சிறப்பு வினாக்களின் தொகையிலன்று, அளவுகோலிலேயே உள்ளது. மாணாக்கர் நன்கு செய்தாரா, தீதாகச் செய்தாரா என்று அக்கோல் கேட்பதில்லை. அதனைச் செய்தற்கு மேற்பார்வையாளர் எவ்வளவு உதவவேண்டியிருந்தது என்று கேட்கும். எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் மாற்றம் இல்லையெனின் ஒன்று. குறிப்பாற் சொன்னாற் செய்வாராயின் இடைப்புள்ளி. தாமே தொடங்கித் தாமே முடிப்பாராயின் பத்து. ஆசானின் கை எத்துணை விலகுகின்றதோ அத்துணை மாணாக்கர் வளர்ந்தார் என்பது பொருள். பட்டறையிலும் வயலிலும் தொழில் பழக்குவோர் எழுதாமலே அறிந்திருந்த உண்மை இது. அதனை எண்ணாக மாற்றியது விஸ்கொன்சினாரின் அருஞ்செயல்.

குறையும் அதிலே உண்டு. தாராளமாக உதவும் மேற்பார்வையாளரிடம் பழகுவோர் உதவி மிகுதியும் பெற்றவராகக் குறைந்த புள்ளி வாங்குவர். கண்டுகொள்ளாத ஒருவரிடம் பழகுவோர் தனித்து நின்றவராகத் தோன்றுவர். அன்றியும் கற்பிப்பவரும் தீர்ப்பிடுபவரும் ஒருவரே. உதவி கேட்டாற் புள்ளி குறையுமென அஞ்சும் மாணாக்கர், நோயாளிக்கு உதவி தேவைப்படும் நேரத்தில் வாய் மூடியிருப்பர். இவ்விடர்ப்பாடு தீர்ந்ததெனச் சொல்லக்கூடிய முறை பின்னரும் எழவில்லை.

பிரித்தானியாவிலே வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. ஆங்கில இலக்கணப் பேரறிஞர் றண்டொல்ப் குவேக் தலைமையில் அமைந்த குழு 1972 இல் விடுத்த அறிக்கை, பேச்சுச் சிகிச்சையாளர் பட்டதாரிகளாதல் வேண்டும் என்றது. இலக்கண ஆசிரியர் ஒருவர் வைத்தியசாலைப் பணியைப் பற்றித் தீர்ப்புரைத்தமை வியப்பன்று. மொழியின் அமைப்பை அறியாதார் மொழியின் குறையை அறியார். அதன்பின் கல்லூரியின் பொதுப் பரீட்சைக்குப் பதிலாகப் பல்கலைக்கழகங்களே தத்தம் மாணாக்கரை மதிப்பிட்டன. அவ்வாறாகவே ஓரிடத்துத் தேர்ச்சியும் பிறிதோரிடத்துத் தேர்ச்சியும் ஒன்றுதானா என்னும் வினா எழுந்தது.

அவ்வினாவுக்கு முழுமையான விடை தந்தது அவுஸ்திரேலியா. இலண்டனிற் பயின்ற எலினோர் ரே என்னும் அம்மையார் 1931 இற் சிட்னியின் குழந்தைகள் வைத்தியசாலையிற் பேச்சுச் சிகிச்சை நிலையம் தொடங்கியதோடு அந்நாட்டில் இத்தொழில் ஆரம்பமாயிற்று. 1949 இற் கல்லூரி அமைந்தது. 1994 இல் அத்தொழிற்சங்கம், தொழிலிற் புகுவோர் செய்யவல்லவராக இருக்கவேண்டியவை யாவை என வரையறுத்து வெளியிட்டது. அவ்வரையறையை அடியாகக் கொண்டு, சிட்னிப் பல்கலைக்கழகத்திலே சூ மக்கலிஸ்டர் என்பவர் செய்த ஆய்விலிருந்து, மிஷேல் லிங்கன், அலிசன் பெர்குசன், லின்டி மக்கலிஸ்டர் ஆகியோரின் கூட்டுழைப்பால், கொம்பாஸ் எனப்படும் அளவைமுறை 2006 இல் வெளிவந்தது. அவுஸ்திரேலியாவினதும் நியூசீலாந்தினதும் பல்கலைக்கழகங்கள் அதனை ஏற்றன. தலைப்பெழுத்துக்களைக் கூட்டிய பெயராயினும் திசையறி கருவியின் பெயரும் அதுவே.

இம்முறையிலே புள்ளிக்குப் பதிலாக ஒரு கோடு உண்டு. அதன் ஒரு முனை புதியவரைக் குறிக்கும், மறுமுனை தொழில் தொடங்கத்தக்கவரைக் குறிக்கும், இடையே நடுநிலை. ஒவ்வொரு நிலையிலும் மாணாக்கர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பது சொல்லோவியமாக எழுதப்பட்டிருக்கும். மேற்பார்வையாளர், பயிற்சியின் நடுவிலும் முடிவிலும், ஒவ்வொரு திறனுக்கும் அக்கோட்டிலே ஓர் அடையாளம் இடுவர். சோதித்தல், பெற்ற செய்தியை ஆராய்தல், சிகிச்சையைத் திட்டமிடல், அதனைச் செய்தல் முதலிய தொழிற்றிறன்கள் ஏழோடு, எண்ணித்துணிதல், உறவாடல், தொடர்ந்து கற்றல், தொழிலொழுக்கம் என்னும் பொதுத்திறன்கள் நான்கும் சேரும். இரண்டாமாண்டு மாணாக்கரை அவர் வகுப்பினரோடு ஒப்பிடலாகாது. எல்லாரையும் தொழிலின் வாயிலில் நிற்பவரோடு மட்டுமே ஒப்பிடல்வேண்டும். ஆதலிற் கோட்டின் தொடக்கத்தே நிற்றல் தோல்வியன்று. அவர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கின்றாரா என்பதைப் பல்கலைக்கழகம் முடிவுசெய்யும்.

மேற்பார்வையாளர் பலர் இட்ட அடையாளங்கள் உண்மையாகவே ஒரே திறனை அளக்கின்றனவா என்று சோதிக்க, டென்மார்க்குக் கணிதவறிஞர் ராஷ் 1960 இல் நூலாக்கிய முறையை ஆய்வாளர் கைக்கொண்டனர். வாசிப்பிற் பின்தங்கிய சிறுவர் உரக்க வாசிக்கும்போது விட்ட பிழைகளைக் கணக்கிட முற்பட்டே ராஷ் 1950களில் அம்முறையைக் கண்டார். சிறுவரின் வாய்ப்பிழையை எண்ணப் பிறந்த கணிதம், அவ்வாய்ப்பிழையைத் திருத்தப் புகுவோரின் தகுதியை அளக்க உதவிற்று.

அடையாளமிடும் கை மனிதக் கையே. தன்னோடு பத்து வாரம் உழைத்த மாணாக்கரைத் தோற்கச் செய்ய மேற்பார்வையாளர் மனம் ஒப்பார். இன்னும் ஒருமுறை வாய்ப்பளிக்கலாம், அடுத்தவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பர். அவ்விரக்கத்தின் விலையைச் செலுத்துபவர் அங்கே இல்லாத, இன்னும் வராத, சொல்லற்ற நோயாளி. சொல்லோவியத்தோடு கூடிய கோட்டின் பெரும்பயன் இங்கேயே உளது. உன்னால் முடியாது என்று சொல்லத் தயங்கும் நாவும், இன்னின்ன செயலில் நீ இன்னும் இவ்விடத்தில் நிற்கின்றாய் என்று சொல்லத் தயங்காது. பின்னர் அவுஸ்திரேலியாவின் ஆறு பல்கலைக்கழகங்களிலே, பயிற்சிக் காலத்தின் ஐந்திலொரு பங்கை நடிப்பு நோயாளியோடு கழித்த மாணாக்கரையும், முழுவதும் உண்மை நோயாளியோடு கழித்தவரையும் இவ்வளவுகோலாலேயே ஒப்பிட்டனர். இறுதித் தேர்ச்சியில் வேறுபாடு காணப்படவில்லையென 2020 இல் வெளியான அவ்வாய்வு கூறிற்று. பறோஸ் கண்ட வழி இவ்வாறு சுற்றிவந்து பேச்சுச் சிகிச்சையையும் சேர்ந்தது.

இலங்கையில் இக்கல்வி பிந்தியே தோன்றியது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1997 இல் இராகமையிலே பேச்சுமொழிச் சிகிச்சைக்கான டிப்ளோமாப் பயிற்சியைத் தொடங்கியது. பின்னர் அது பட்டநெறியாயிற்று. தமிழில் சிகிச்சை செய்யவல்லவர் நெடுங்காலம் மிகச் சிலராகவே இருந்தனர். ஆங்கில நாடுகளில் எழுந்த அளவுகோல்கள் பெரும்பாலும் எண்ணிப் பாராத ஒரு சிக்கல் இங்கே தலைகாட்டுகின்றது. மேற்பார்வையாளர் சிங்களம் அறிந்தவர், நோயாளி தமிழ்க் குழந்தை, மாணாக்கர் இரண்டும் அறிந்தவர் எனக் கொள்வோம். எண்ணித்துணிதல், உறவாடல் என்னும் கோடுகளில் அடையாளமிடுவதற்கு மேற்பார்வையாளருக்கு இருப்பது மாணாக்கரின் முகக்குறிப்பும், பின்னர் அவர் தரும் மொழிபெயர்ப்புமேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தொல்காப்பியர் பிறப்பியலிலே ழகரத்தையும் ளகரத்தையும் வேறு வேறாகப் பிறக்கும் ஒலிகளாகவே வகுத்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலோ பெரியோரும் பழத்தைப் பளம் என்பர், மழையை மளை என்பர். ஐந்து வயதுக் குழந்தை ஒன்று படத்தைக் காட்டிப் பளம் என்கின்றது. ஏட்டுத் தமிழை மட்டும் கற்ற மாணாக்கர் அதனைப் பிழையெனக் குறித்து, திங்கட்கணக்காய் ழகரப் பயிற்சி அளிக்கக்கூடும். ஊர்வழக்கறிந்த மாணாக்கர் அதனை விட்டுவிட்டு, அதே குழந்தை கல்லைத் தல் என்பதைக் குறிப்பார். இவ்விருவரும் ஒரே வகையாக இன்முகம் காட்டுவர். ஒரே வகையாகப் படங்களை எடுத்து நீட்டுவர். ஒரே வகையாகக் குறிப்பெழுதுவர். தமிழ் கேட்டறியாத மேற்பார்வையாளரின் கோட்டில் இருவர்க்கும் அடையாளம் ஒரே இடத்தில் விழும்.